பேயை ஓட்டாதீர்கள், கேமராவைத் திருப்புங்கள்

ஸ்ரீபெரும்புதூருக்குப் பூதபுரி என்று ஒரு பழைய பெயர் உண்டு. சிவன் ஆடும்போது ஆடை நெகிழ்ந்ததாம். உடனிருந்த பூதகணங்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டனவாம். கோபம் கொண்ட சிவன் அவற்றைக் கைலாயத்திலிருந்து விரட்டிவிட்டார். அவை இங்கே வந்து திருமாலை நோக்கித் தவமிருந்து, குளத்தில் மூழ்கி எழுந்து, மறுபடியும் சிவனிடம் பணிக்குச் சேர்ந்தன என்கிறது தலபுராணம். எஜமானைப் பார்த்துச் சிரித்த ஊழியர்களைத் தண்டித்து, அடக்கி, திரும்பச் சேர்த்துக்கொண்ட கதை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். இன்று அதே ஊரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகள். கணங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. சிரிக்கத்தான் இன்னும் அனுமதியில்லை.

நான் இந்தத் தடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடி, கையில் இருக்கும் ஃபோனிலேயே படம் எடுக்கப் பழகுகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள். என்ன எடுக்கலாம் என்று கேட்டால் முதலில் வரும் பதில் ‘பேய்ப் படம்’. இதைக் கேட்டதும் நம் தோழர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். பெரியார் மண்ணில் பேயா, சமூகக் கருத்துள்ள படம் எடுக்கக் கூடாதா என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழ்ப் பேய்ப் படம்தான் சாதியைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருக்கும் வெகுசன வடிவம் என்பது என் கருத்து. தெரிந்துவைத்துக்கொண்டே அது பொய் சொல்கிறது என்பதும் என் கருத்து. அந்த வடிவத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றரை நிமிட ட்ரெய்லராக நம் கையால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பங்களா யாருடையது?

பேய்ப் பட ட்ரெய்லர் எப்படித் தொடங்கும்? ஒரு கார் வளைவுச் சாலையில் வரும். சந்தோஷமான ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு இறங்கும். பெரிய வாசல், பூட்டிய அறை. வாட்ச்மேனோ தோட்டக்காரரோ வேலைக்காரம்மாவோ ‘அந்தப் பக்கம் போகாதீங்கய்யா’ என்று எச்சரிப்பார். ‘சந்திரமுகி’யில் (2005) வேட்டையபுரம் அரண்மனையை வாங்குகிறார்கள். ‘அரண்மனை’யில் (2014) வாரிசுகள் அரண்மனையை விற்க வருகிறார்கள். வாங்கினாலும் விற்றாலும் கேமரா சொத்துக்காரர் பக்கம்தான் நிற்கிறது. அவர் தூக்கம் கெடக்கூடாது, அவர் மனைவிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று நாமும் சேர்ந்து பதறுகிறோம்.

எச்சரிக்கிற அந்த வேலைக்காரருக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிகிறது? அவர் அந்த ஊர்க்காரர். புதைக்கப்பட்டது யார் என்று அவருக்குத் தெரியும். அனேகமாகப் புதைக்கப்பட்டது அவருடைய ஆளாகத்தான் இருக்கும். ஆனால் படம் அவர் வீட்டுக்குப் போவதே இல்லை.

இது தமிழ் சினிமாவின் நோய் மட்டும் அல்ல. அமெரிக்கப் பேய்ப் படங்களில் ‘செவ்விந்தியர் இடுகாட்டின் மேல் கட்டிய வீடு’ என்பது தேய்ந்துபோன உத்தி. ‘தி ஷைனிங்’ (1980) ஓட்டல் அப்படிக் கட்டப்பட்டதுதான். ‘பெட் செமட்டரி’யும் (1989) அப்படி ஓர் இடுகாட்டை வைத்துத்தான் ஓடுகிறது. பூர்வகுடிகளைக் கொன்று நிலத்தைப் பிடுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் ராத்திரியில் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி எந்தப் படமும் பேசாது. பேயிடமிருந்து குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பது மட்டுமே கேள்வி.

ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வுக்கு (2011) இங்கே ஒரு மரியாதை செய்ய வேண்டும். அதில் பேய் நடமாட்டம் இருப்பது அரண்மனையில் அல்ல, ஒரு வெற்று நிலத்தில். கிரிக்கெட் விளையாட ஸ்டம்பை ஊன்றினால் அது கீழே புதைந்திருக்கும் உடலில் இறங்குகிறது. ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டத் திருநங்கை ஒருவர் வாங்கிய நிலம் அது. அரசியல்வாதி அதைப் பிடுங்கிக்கொண்டு, கொன்றவர்களை அங்கேயே புதைத்துவிடுகிறார். தமிழ் வெகுசன சினிமாவில் நில அபகரிப்பை இவ்வளவு நேரடியாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

இப்போது நம் நிலத்துக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த நிபந்தனையை மீறி எவ்வளவு நிலம் யார் யார் பெயருக்குப் போனது என்பதுதான் இந்த மண்ணின் பூட்டிய அறை. அந்தக் கதவைத் தட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று காரணை சொல்லும். அங்கே பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடத்திய மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள்.

சுற்றுச்சுவரும் சிசிடிவியும் வைத்த ஒவ்வொரு மனையின் முன்னாலும் நின்று ‘இதற்கு முன் இது யாருடையது’ என்று கேளுங்கள். பேய்ப் படத்தின் முதல் கேள்வியும் அதுதான். வித்தியாசம், கேட்கிறவர் வெளியே நிற்கிறார்.

‘அதைத் திறக்காதே’

எல்லாப் பேய்ப் படத்துக்கும் ஒரு விதி உண்டு. திறக்கக்கூடாத கதவு, இறங்கக்கூடாத கிணறு. திறந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அசட்டுத் துணிச்சலில் யாரோ ஒருவர் திறப்பார்.

இந்தத் தடத்திலும் அப்படி ஒரு மூடி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே காட்டரம்பாக்கத்தில் ஒரு தனியார் உணவு தயாரிப்பு நிறுவனத்தின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் மறுபடியும் மூன்று பேர். மனிதரை இப்படி இறக்கக்கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாதாளச் சாக்கடையிலும் தொட்டியிலும் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. ஆக, அந்த மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சட்டத்துக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், ஒப்பந்தக்காரருக்குத் தெரியும்.

சினிமாவில் ‘திறக்காதே’ என்று எச்சரிக்கிறார்கள். இங்கே ‘திற, இறங்கு’ என்று அனுப்புகிறார்கள். யாரை அனுப்புகிறார்கள் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. சினிமாவில் ஒருவன் உள்ளே போய் வராவிட்டால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். இந்தத் தொட்டிகளில் முதல் ஆள் மயங்கி விழுந்ததும் அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார், அவரைத் தூக்க இன்னொருவர். சாவுச் செய்திகளில் எண்ணிக்கை ஒன்றாக இல்லாமல் இரண்டாகவும் மூன்றாகவும் வருவதற்கு இதுதான் காரணம். விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்வது என்றால் பேய்ப் படத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் இதை எந்தப் பேய்ப் படமும் எடுக்கவில்லை. எடுத்தால் யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு முகவரி கிடைத்துவிடும்.

பேய் பிடித்த பெண்

மூன்றாவது உத்தி, பெண்ணுக்குப் பேய் பிடிப்பது. சாதாரண நாளில் தலை குனிந்து பேசுகிற பெண் பேய் பிடித்ததும் ஆண்களை ‘டேய்’ என்கிறாள், கட்டிலைத் தூக்குகிறாள், நியாயம் கேட்கிறாள். கேட்ட நியாயம் சரியானதாகவே இருந்தாலும் படம் அவளுக்குச் சிகிச்சைதான் தரும்.

இது தொழிற்சாலைக்குள்ளேயே நடந்த ஓர் இடம் உண்டு. மலேசியாவின் சுங்கை வே பகுதியில் அமெரிக்க மின்னணு ஆலை ஒன்றில், 1975இல் கிராமங்களிலிருந்து வந்த நாற்பது மலாய்ப் பெண் தொழிலாளர்களுக்கு ஒரே சமயத்தில் ‘பேய் பிடித்தது’. 1978இல் நுண்ணோக்கி வைத்து வேலை பார்த்த சுமார் 120 பேருக்கு மறுபடியும். ஆலையை மூன்று நாள் மூடினார்கள். மந்திரவாதியை வரவழைத்து வளாகத்துக்குள் ஆடு வெட்டினார்கள். மானுடவியலாளர் ஐவா ஓங் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தப் புத்தகம் 1987இல் வந்தது. கண் வலிக்கும் வேலை, ஆண் மேற்பார்வையாளர்களின் அதட்டல், சொந்த நிலத்தைவிட்டு வந்த வேதனை இவற்றை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத பெண்களின் எதிர்ப்பாக அவர் அதைப் பார்க்கிறார். நிர்வாகமோ மயக்க மாத்திரை கொடுத்தது, திரும்பத் திரும்பப் பேய் பிடித்தவர்களை வேலையைவிட்டு அனுப்பியது.

நம் தடத்திலும் மின்னணு ஆலைகள்தான், கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள்தான். 2010இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் எந்திரத்தில் தலை சிக்கிச் செத்துப்போனார். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது உண்மையல்ல. ஆனால் அதை நம்பும்படியான வாழ்க்கையைத்தான் அந்தப் பெண்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துத் தரையில் படுத்துறங்கியவர்கள், பக்கத்தில் படுத்திருந்தவளைக் காணோம் என்றால் வேறென்ன நினைப்பார்கள்?

அன்று அவர்களுக்குப் பேய் பிடிக்கவில்லை. அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, விடுதிகளின் நிலைமை உலகச் செய்தியானது. பேய் வந்தால்தான் பெண் எதிர்த்துப் பேச முடியும் என்ற சினிமா விதியைச் சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் தேசிய நெடுஞ்சாலையில் வைத்து உடைத்தார்கள். நம் ட்ரெய்லரில் பெண் தலைவிரி கோலமாக அலற வேண்டாம். அவள் எழுந்து நடந்தால் போதும். பின்னால் இன்னும் நூறு பேரின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.

பொம்மையை எரித்துத் தந்த நீதி

நான்காவது, முடிவு. சாமியாரோ நம்பூதிரியோ பாதிரியாரோ வருவார். மந்திரம் சொல்வார், பேய் போய்விடும். ‘சந்திரமுகி’யில் இன்னும் சாமர்த்தியம். வேட்டையனைப் பழிவாங்கத் துடிக்கும் சந்திரமுகிக்கு முன்னால் ஆளை மாற்றிப் பொம்மையை வைக்கிறார்கள். அவள் பொம்மையை எரித்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறாள். எல்லோரும் நிம்மதியாக ஊருக்குக் கிளம்புகிறார்கள். அரண்மனை அரண்மனையாகவே இருக்கிறது.

இந்தக் காட்சியை நாம் நிஜத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அமைதிக் கூட்டம், இழப்பீட்டுக் காசோலை, விசாரணைக் குழு. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் விசாரித்த சிபிசிஐடி 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது அதே தலித் மக்களில் மூன்று பேரை. இங்கே பொம்மைகூட வைக்கவில்லை, பாதிக்கப்பட்டவரையே கொளுத்தக் கொடுத்தார்கள்.

சுடுகாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சினிமாவில் ராத்திரி சுடுகாட்டுக்குப் போவது திகில். நமக்குச் சுடுகாட்டுக்குப் போக வழி கிடைப்பதே திகில். செங்கல்பட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகும் இதே பாலாற்றின் மேற்கே, வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். ஆதிக்கச் சாதியினர் நிலத்தின் வழியே பிணம் போகக்கூடாது என்பதுதான் காரணம். செத்தவர் யாரையும் பயமுறுத்தவில்லை. உயிரோடு இருந்தவர்கள்தான் அவரைப் பயமுறுத்தினார்கள், செத்த பிறகும்.

நம் மக்களிடம் இன்னொரு மரபு இருக்கிறது. சாதி தாண்டிக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்ட மதுரை வீரனையும் காத்தவராயனையும் மக்கள் ஓட்டவில்லை. ஊர் எல்லையில் இடம் கொடுத்துக் கும்பிட்டார்கள். கொன்ற தரப்பும் பயந்து கும்பிட்டு, படையல் போட்டுக் கணக்கை முடித்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாரி செல்வராஜ் இந்த மரபைத்தான் எடுத்துத் திருப்புகிறார். ‘கர்ண’னில் (2021) எந்தப் பேருந்தும் நிற்காததால் சாலையில் துடித்துச் செத்த சிறுமி, முகமூடியோடு திரும்பி வருகிறாள். அவளைக் கண்டு அவள் வீட்டார் பயப்படவில்லை, அவளை யாரும் ஓட்டவும் இல்லை. பேருந்து நிற்காத ஊரை அவள் மறக்கவிடுவதில்லை. மலையாளத்தில் ‘பிரமயுகம்’ (2024) அதே பழைய பாழடைந்த மனையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் கேமரா மனைக்காரப் போற்றியோடு நிற்கவில்லை, அங்கே சிக்கிக்கொண்ட பாணர் சாதிப் பாடகனோடு நிற்கிறது. அதனால் பயம் வேறாகிவிடுகிறது. ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ (2017) முடிவில் கறுப்பின நாயகன் தப்பிக்கும் நேரத்தில் போலீஸ் விளக்கு போலத் தெரியும் ஒரு வெளிச்சம் வருகிறது. வேறு எந்தப் படத்திலும் அது நிம்மதி தரும். இந்தப் படத்தில் அரங்கமே மூச்சைப் பிடித்தது. யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் பேய்ப் படத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஏன் ட்ரெய்லர்?

காசு இல்லை என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு. முழுப்படம் என்றால் முடிவு வைத்தாக வேண்டும், முடிவு என்றால் பேயை ஓட்டியாக வேண்டும். ட்ரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது கேள்வியை எழுப்பிவிட்டு நின்றுவிடும். பதில் சொல்லப்படாத ஒன்றைப் பதில் சொல்லப்படாததாகவே காட்ட இதைவிட நேர்மையான வடிவம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

எப்படி எடுப்பது? வழக்கமான ட்ரெய்லரின் வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள்: அமைதி, எச்சரிக்கை, முதல் சந்தேகம், வேகம், சட்டென நிசப்தம், தலைப்பு, தலைப்புக்குப் பிறகு ஒரு கடைசி அடி. உள்ளே வைக்கும் பொருளை மாற்றுங்கள்.

முதல் இருபது நொடி: விடியற்காலை இருட்டு, சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வரிசை. பங்களாவுக்கு வரும் காருக்குப் பதில் இந்த பஸ். அடுத்து எச்சரிக்கை. ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று உங்கள் பாட்டி உண்மையிலேயே சொல்லியிருப்பாரே, ஊர்த்தெருவைப் பற்றி, டீக்கடையைப் பற்றி, கோயிலைப் பற்றி? அவர் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். பின் முதல் சந்தேகம்: ஒரு பழைய பட்டா நகல், அதன்மேல் நகரும் விரல், பிறகு ஒரு சுற்றுச்சுவர். வசனம் வேண்டாம். அடுத்து வேகம்: பயோமெட்ரிக் ஒலி, ஷிப்டு சைரன், விடுதிப் படிக்கட்டில் வரிசையாகச் செருப்புகள், காலனிப் பெயர்ப்பலகை, சுடுகாட்டுக்குப் போகும் வரப்பு. பின்னணி இசை எதையும் தரவிறக்க வேண்டாம். இந்தச் சத்தங்களே போதும். பிறகு ஒரு சிமெண்ட் மூடியை இழுக்கும் ஒலி. திரை கறுப்பு. ஐந்து நொடி நிசப்தம். அந்த ஐந்து நொடியைக் குறைக்காதீர்கள், மொத்த ட்ரெய்லரும் அதற்காகத்தான். தலைப்பு உங்களுடையது. தலைப்புக்குப் பிறகு கடைசி அடியாக ஒரு ஃபோன் அடிக்கட்டும். எடுத்தால் எதிர்முனையில் சாதாரணமான, அன்பான ஒரு குரல்: ‘தம்பி, நாளைக்கு ஒரு வேலை இருக்கு, ரெண்டு பேர் வர்றீங்களா?’

சில கட்டுப்பாடுகள் வேண்டும். ஆலைக்குள் எடுக்காதீர்கள். வேலை போகும், வழக்கு வரும், உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவரையும் சிக்கவைப்பீர்கள். பொதுச் சாலையிலிருந்து எடுக்கும் காட்சிகளே போதும். செத்தவர்களின் முகத்தைக் காட்டாதீர்கள். நிஜச் சாவைப் பற்றி எடுப்பதானால் அந்தக் குடும்பத்திடம் முதலில் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நம் மக்களின் உடல் ஏற்கெனவே போதுமான அளவு காட்சிப்பொருளாக்கப்பட்டிருக்கிறது. நம்மைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவைக்கும் படம் தோற்ற படம். அந்த மூடியைத் திறக்கச் சொன்னவருக்கு அன்றிரவு தூக்கம் வரக்கூடாது. அதுதான் நம் அளவுகோல்.

வெளியிட்டால் எதிர்ப்பு வராதா? வரும். கையால் மலம் அள்ளும் அவலத்தைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு (2017) திரையிடல் தடை, வழக்கு, மிரட்டல் எல்லாம் வந்தன. ஒரு பேய்ப் படத்துக்கு இவ்வளவு பயந்த அரசை நாம் பார்த்ததில்லை. அவர் படத்தில் பேயே இல்லை.

பகுத்தறிவுத் தோழர்களுக்கு என் பதிலும் இதுதான். நான் கேட்கும் ட்ரெய்லரில் பேய் கிடையாது. பேய் இல்லை என்று மக்களிடம் நூறாண்டாகச் சொல்லிவருகிறோம், சரிதான். ஆனால் பயம் இருக்கிறது. அது யாரால் உண்டாக்கப்படுகிறது, யாருக்கு லாபம் தருகிறது என்று காட்டுவதும் பகுத்தறிவு வேலைதான். இவ்வளவு காலம் திரையில் அவர்கள் நம்மைக் கண்டு பயப்படுவது போல நடித்தார்கள். கறுப்பு மையைப் பூசி, பல்லை நீட்டி, குப்பத்திலிருந்தும் சுடுகாட்டிலிருந்தும் நம்மைக் கிளப்பி வந்து, கடைசியில் மந்திரம் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு சார்ஜ் போட்ட ஃபோனோடு வாருங்கள். முதலில் உங்கள் ஊரில் திறக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு கதவையோ மூடியையோ சுவரையோ எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தப் பக்கம் நின்று ஒன்றரை நிமிடம் எடுங்கள். பூதங்கள் மறுபடியும் சிரிக்கட்டும். இந்த முறை மன்னிப்புக் கேட்டுக் குளத்தில் மூழ்க வேண்டாம்.